விரல் நாண் தைத்து ஐந்தாம் வாரம்: "சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொள்" என்று அழைக்கிறார்கள், போகலாமா?

நொய்யல்கரை | 20 ஜூலை 2023, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகளாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். கடந்த ஜூன் 14ஆம் தேதி மாலை, எண்பது அடுக்கு சிங்கிள் ஜெர்சித் துணி விரித்த மேசையில் வளைவு ஒன்றைத் திருப்பும்போது கட்டிங் மிஷினின் கத்தி என் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. எஃகு வலைக் கையுறை எனக்கு உண்டு. ஆனால் அதன் ஆள்காட்டி விரல் பகுதி பிய்ந்து, கம்பி துணியில் மாட்டி இழுத்துக்கொண்டே இருந்ததால் மதியமே கழற்றி மேசைக்கடியில் வைத்திருந்தேன்.

விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் (டெண்டன்) ஒரு பக்க நரம்பும் அறுந்துவிட்டன. அன்றிரவே கோவையில் அறுவை செய்து தைத்தார்கள். இப்போது ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. கையின் பின்புறம் தாங்கலாக அணை (ஸ்பிளின்ட்) வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்தில், வேலை செய்ய இயலாது என்று சான்று எழுதித் தருகிறார்கள்.

ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் வாரம் 4,700 ரூபாய் வரை சனிக்கிழமை கைக்கு வரும். ஆனால் பதிவில் எனக்கு மாதம் 13,000 ரூபாய்தான் காட்டியிருக்கிறார்கள். உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று நாளுக்கு முன் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஷிப்மென்ட் நெருங்குவதாகவும், நான் கையை அசைக்கவே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பையன்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும், முழுச் சம்பளம் தருவதாகவும் சொன்னார். இனிமேல் சான்று எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். கையில் வலி பெரும்பாலும் இல்லை, விரலும் ஓரளவு மடங்குகிறது. போகலாமா, கூடாதா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இயன்முறை_ஈரோடு | 20 ஜூலை 2023, இரவு 11.05

அண்ணா, நான் கைக் காயங்களுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிப்பவள். உங்கள் கையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. அதை உங்கள் அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, உள்ளே நடப்பது உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பு வரையிலான பகுதியில், மடக்கும் நாண்கள் இரண்டும் ஒரு குறுகிய உறைக்குள் ஒன்றையொன்று உரசியபடி ஓடுகின்றன. ஒரு காலத்தில் இந்த இடத்தை யாரும் கால்வைக்கக் கூடாத நிலம் என்றே கை அறுவை மருத்துவர்கள் குறிப்பிட்டார்கள். அங்கே உடனே தைத்தால் நாண் உறையோடு ஒட்டி விரல் விறைத்துவிடும் என்று அஞ்சி, தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுவைத்தார்கள். இன்று அன்றைக்கே தைத்து, சில நாட்களிலேயே விரலை அளவாக அசைக்கச் சொல்கிறோம். அசைத்தால்தான் ஒட்டாமல் இருக்கும். அளவு மீறினால் தையல் பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சிறிய இடைவெளியில்தான் உங்கள் சிகிச்சை முழுவதும் நடக்கிறது.

தைத்த நாண் முதல் மூன்று வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். அதன் பிறகு மெல்லத்தான் வலுப்பெறும். வழக்கமாக ஆறாம் வாரத்தையொட்டி அணையைக் கழற்றுவோம், எட்டாம் வாரத்தில் எடையில்லாத பயன்பாட்டைத் தொடங்குவோம், கனமான பிடிக்குப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். உங்களுக்கு வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நான் என் அனுபவத்தில் அஞ்சுவது இந்த ஐந்தாம், ஆறாம் வாரங்களைத்தான். தோல் ஆறி, வலி போய், கையின்மேல் நம்பிக்கை வந்துவிடும். நாண் மட்டும் அந்த நம்பிக்கைக்கு இன்னும் தயாராகியிருக்காது.

கையை அசைக்க வேண்டாம் என்று உங்கள் மேலாளர் சொல்வதை அவர் உண்மையாகவே நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசையிலிருந்து கத்தரி விழுந்தால் உங்கள் கை உங்களைக் கேட்காமலே போய்ப் பிடிக்கும். பதினான்கு ஆண்டு பழகிய கை அது. மேலும், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துப் பத்து முறை விரலை மடக்கி நீட்டச் சொல்லியிருப்பார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் கட்டிங் அறையில் உட்கார்ந்துகொண்டு அதை எத்தனை மணிக்குச் செய்வீர்கள்? இன்றைய நிலையில் அந்தப் பயிற்சிதான் உங்கள் இடது கைக்கு உள்ள ஒரே வேலை.

நரம்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அது நுனியை எட்டும் வரை அந்தப் பக்கம் சூடும் தெரியாது, கூர்மையும் தெரியாது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு நாண் மாற்று அறுவை செய்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் அழிந்துபோனதற்கு நோயைவிட உணர்வின்மையே பெரிய காரணம் என்று கண்டறிந்தார். வலி சொல்லித்தராத கை, வேலை செய்யும்போதே தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது. உங்கள் விரலின் ஒரு பக்கம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

பழையபதிவேடு | 21 ஜூலை 2023, காலை 6.50

தம்பி, நான் ஆலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவத்தை மேலே தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "சான்று கொடுக்க வேண்டாம்" என்ற அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது.

இந்த 2023இல் நடப்பில் உள்ள 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சாதாரண நோய்க்கான உதவித்தொகை வேறு, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான தற்காலிக ஊன உதவித்தொகை வேறு. முதலாவது சராசரிக் கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாள்தான் கிடைக்கும். உங்களுடையது இரண்டாவது. அது 90 விழுக்காடு. நீங்கள் வேலை செய்ய இயலாத நிலை நீடிக்கும் வரை கிடைக்கும், இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. இதைப் பெறுவதற்குச் சந்தா இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உங்கள் சான்றில் இது வேலைக்காயம் என்று பதிவாகியிருக்கிறதா, கம்பெனி விபத்து அறிக்கையான படிவம் 12ஐ அனுப்பியிருக்கிறதா என்று இன்றே கிளை அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் விபத்தை எழுதாமல் சாதாரண விடுப்பாகக் காட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போய் நிற்கும்போது, அங்கே காயம் பட்டதற்கே பதிவு இருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, வேலை செய்த நாளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. 64ஆம் பிரிவின்படி, உதவித்தொகை பெறுகிறவர் சிகிச்சையில் தொடர வேண்டும், குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது, அனுமதியின்றிச் சிகிச்சை தரும் பகுதியை விட்டு வெளியூர் போகவும் கூடாது. 73ஆம் பிரிவோ, நீங்கள் இந்த உதவித்தொகை பெறும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று முதலாளியைத் தடுக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். சான்று கொடுப்பதை நிறுத்திவிட்டு நீங்கள் போய் உட்கார்ந்தால், அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் குணமான ஆள். உதவித்தொகை நிற்கும், 73ஆம் பிரிவின் காப்பும் போய்விடும். அதன் பிறகு கையில் ஏதேனும் நேர்ந்தால் அது ஜூன் 14ஆம் தேதிக் காயத்தின் தொடர்ச்சியா, புதிதாக நேர்ந்ததா என்ற வழக்கு வேறு தொடங்கும். முழுச் சம்பளம் என்று அவர் சொன்னது பதிவில் உள்ள 13,000 ரூபாயா, கைக்கு வரும் தொகையா என்றும் கேட்டுப் பாருங்கள்.

மங்கலம்சாலை | 21 ஜூலை 2023, மதியம் 2.15

அண்ணா, நான் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே காயம் நடுவிரலில் ஏற்பட்டது. அவரையும் ஆறாம் வாரம் மேற்பார்வைக்குத்தான் கூப்பிட்டார்கள். வாடகை இரண்டு மாதம் நின்றுபோயிருந்ததால் நானும் போகச் சொன்னேன்.

நான்காம் நாள் துணி உருளை ஒன்றை இரண்டு பையன்கள் தோளிலிருந்து இறக்கும்போது ஒரு பக்கம் நழுவியது. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் அதைத் தூக்கவில்லை, கீழே விழாமல் கையைக் கொடுத்தார், அவ்வளவுதான். ரப்பர் வளையம் அறுந்ததுபோல் உள்ளங்கைக்குள் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். பெரிய வலி இல்லையாம். அந்த ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மற்ற விரல்களை மடக்கினார். நடுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது முறை நேராகத் தைக்க முடியவில்லை. முதலில் நாண் இருந்த இடத்தில் ஒரு சிலிக்கோன் தண்டை வைத்து மூடினார்கள். மூன்று மாதம் கழித்து மணிக்கட்டிலிருந்து வேறொரு நாணை எடுத்து அங்கே பொருத்தினார்கள். எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. இன்றும் அந்த விரல் பாதிதான் மடங்கும். நாங்கள் காப்பாற்ற நினைத்தது ஒரு மாத வாடகை. என்னால் போகாதீர்கள் என்று உத்தரவு போட முடியாது. உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இது.

பல்லடத்தான் | 21 ஜூலை 2023, இரவு 8.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். நான் முப்பது பேர் வேலை செய்யும் யூனிட் ஒன்றை நடத்துகிறேன். 2016இல் வண்டியிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பத்தாம் நாளிலிருந்து அலுவலக அறையில் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக் கணக்கு எழுதினேன். அந்த நாற்பது நாள் வீட்டிலேயே கிடந்திருந்தால் என் மனம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்த ஒரு தம்பி, தோள்பட்டை முறிவுக்காக மூன்று மாதம் வீட்டில் இருந்தவர், எலும்பு கூடி வருவதற்குள் குடிக்குப் பழகிவிட்டார். கையைக் காப்பாற்ற வீட்டில் இருத்திவைத்து மனிதனை இழந்துவிடக் கூடாது. கடன், வட்டி, வீட்டுச் சண்டை இவையெல்லாம் மருத்துவச் சான்றில் வருவதில்லை.

சான்று கொடுக்காதே என்று சொன்னது தவறுதான், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து பார்க்கும் வேலையை நேர்மையாகக் கொடுக்கும் முதலாளியும் இருக்கிறார். ஒரு நல்ல கட்டிங் மாஸ்டர் அறையில் இருந்தாலே துணி வீணாவது குறையும். அவருடைய கண்ணுக்குத்தான் அந்தச் சம்பளம்.

இயன்முறை_ஈரோடு | 21 ஜூலை 2023, இரவு 10.20

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஒரு வேறுபாட்டோடு. இடுப்பு வலிக்கு முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். இன்று அதற்கு நேர்மாறாக, முடிந்தவரை நடமாடுங்கள், இயன்ற வேலையைத் தொடருங்கள் என்றே நாங்கள் சொல்கிறோம், ஏனென்றால் சாதாரண இடுப்பு வலியில் அசைவுதான் மருந்து. உங்கள் கணுக்கால் ஸ்டூலில் இருந்தது, கணக்கு எழுதியது கை. வேலை காயத்தைத் தொடவே இல்லை. அதனால்தான் அது உங்களுக்கு நன்மை செய்தது.

இவருடைய காயம் கையில், இவருடைய தொழிலும் கையில். உட்கார்ந்து பார்ப்பது என்று பெயர் வைத்துவிட்டதால் அது கையைத் தொடாத வேலை ஆகிவிடாது. ஆகவே அண்ணா, ஒரு நாளில் அந்த அறையில் நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் மணிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடது கை என்ன செய்யும் என்று எழுதுங்கள். அதை அறுவை மருத்துவரிடம் கொடுத்து, இவற்றில் எதை நான் இப்போது செய்யலாம் என்று கேளுங்கள். "வேலைக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால், பாதி மருத்துவர்கள் அலுவலக வேலையை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்வார்கள். கட்டிங் அறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

வாலிபாளையம்_ஜாப்ஒர்க் | 22 ஜூலை 2023, காலை 10.10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும், ஆறு பேர் மட்டும் உள்ள ஜாப் ஒர்க் யூனிட். ஈ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. பவர் டேபிள் தையல் மிஷினில் இருக்கும் ஒரு அக்காவுக்குச் சென்ற வாரம் ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் முறிந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு எந்த வழியும் இல்லையா?

பழையபதிவேடு | 22 ஜூலை 2023, காலை 11.45

இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத தொழிலாளிக்கு இந்த 2023இல் நடப்பில் உள்ள 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். தற்காலிக ஊனத்துக்கு மாதக் கூலியில் 25 விழுக்காட்டை அரை மாதத்துக்கு ஒருமுறை முதலாளி தர வேண்டும். அதாவது மாதத்தில் பாதிக் கூலி. கணக்கிடும்போது கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். இயலாமை 28 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் முதல் மூன்று நாட்களுக்குக் கிடைக்காது. 28 நாளோ அதற்கு மேலோ ஆனால் முதல் நாளிலிருந்தே கணக்கு. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு உண்மையில் ஆன மருத்துவச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது 2009இல் சேர்க்கப்பட்டது. மருத்துவச் சீட்டில் எப்படிக் காயம் பட்டது என்பதை ஒரு வரியாவது எழுதச் சொல்லி வாங்குங்கள். தையல் ஊசி குத்தியது என்பதோடு எங்கே, எந்த வேலையில் என்பதும் இருக்க வேண்டும்.

நொய்யல்கரை | 24 ஜூலை 2023, இரவு 10.30

ஒன்றை மறைத்துவிட்டேன், அதை இப்போது சொல்ல வேண்டும். இங்கே கேள்வி கேட்பதற்கு முன்பே, 18ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எல்லோரும் போகாதே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கத்தில் அதை எழுதவில்லை.

காலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பத்து மணி வரை எதுவும் செய்யவில்லை. பதினொரு மணிக்கு ஒரு பையன் அடுக்கின் மேல், வெட்ட வேண்டிய வடிவங்கள் வரைந்த மார்க்கர் காகிதத்தை விரித்தான். மின்விசிறிக் காற்றில் ஓரம் எழும்பியது. என் இடது கை தானாகப் போய்க் காகிதத்தை அழுத்தியது. அணையோடு சேர்த்து நான்கு விரல்களும் மேசையில் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்போது உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மாலை வரை கையை மார்போடு சேர்த்துத் துண்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயிற்சியை அன்று இரண்டு முறைதான் செய்தேன். இரவு விரல் வீங்கியிருந்தது, காலையில் வடிந்துவிட்டது.

மங்கலம் சாலைத் தங்கை எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து இயன்முறைத் தங்கை சொன்னபடி மணிவாரித் தாளை எழுதினோம், அவள்தான் எழுதினாள். பதினேழு வேலைகள் வந்தன. உருளையின் எடையும் அகலமும் சரிபார்ப்பது, அடுக்கு விரிக்கும்போது ஓரம் பிடிப்பது, அடுக்கை இறுக்கும் கிளாம்ப் மாட்டுவது, வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது என்று எழுதிக்கொண்டே போனோம். பதினேழில் பதினைந்துக்கு எதிரே இடது கை என்று எழுத வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் வலது கைதான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒரு நாளுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று ஐயா சொல்ல வேண்டும். 18ஆம் தேதியும் என் சான்றுக்குள்தான் வருகிறது.

பழையபதிவேடு | 25 ஜூலை 2023, காலை 7.05

தம்பி, இதைச் சொன்னது நல்லது. கிளை அலுவலகத்துக்குப் போய், 18ஆம் தேதி வேலைக்குப் போனேன், அந்த நாளுக்கு உதவித்தொகை கோரவில்லை என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் பணம் போகும், அவ்வளவே. கம்பெனி அன்றைக்கு வருகை போட்டுக் கூலியும் கொடுத்து, நீங்கள் உதவித்தொகையும் வாங்கியிருந்தால், பிற்பாடு பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்கள் சான்றுகள் எல்லாவற்றின் மேலும் ஐயம் வந்துவிடும். ஏமாற்றும் எண்ணமே இல்லாத தொழிலாளிகள் இப்படி ஒரு நாள், இரண்டு நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். படிவம் 12 விவரம் என்ன ஆயிற்று?

நொய்யல்கரை | 27 ஜூலை 2023, இரவு 9.15

படிவம் போயிருக்கிறது ஐயா, விபத்து நடந்த மறுநாளே அனுப்பியிருக்கிறார்கள். அந்த அளவில் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. 18ஆம் தேதி பற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு முத்திரை போட்ட நகல் கொடுத்தார்கள்.

நேற்று ஆறாம் வாரப் பரிசோதனை. மருத்துவர் தாளை வாங்கி முழுவதும் படித்தார். இப்படி ஒருவரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றார். கிளாம்ப் என்றால் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்டார். என் வலது கையால் அவருடைய மேசை ஓரத்தைப் பிடித்துக் காட்டினேன். பேனாவை எடுத்து இரண்டே வரிகளைச் சுற்றி வட்டம் போட்டார். ஒன்று, மார்க்கரைக் கண்ணால் சரிபார்ப்பது. இன்னொன்று, லாட் கணக்கு எழுதுவது. அவையும் பத்தாம் வாரத்துக்கு முன் வேண்டாம், அதுவரை சான்று தருகிறோம் என்றார். அணையைப் பகலில் கழற்றச் சொல்லியிருக்கிறார். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் இன்னும் இரண்டு வாரம் போட வேண்டும்.

அந்தத் தாளின் நகலை மேலாளரிடம் கொடுத்தேன். முதலில் அவர் முகம் மாறியது. பிறகு வட்டம் போட்ட இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டு, பத்தாம் வாரம் வாருங்கள், அதுவரை மாலையில் அரை மணி நேரம் தொலைபேசியில் பையன்களின் சந்தேகத்தை மட்டும் தீர்த்து வையுங்கள் என்றார்.

பழையபதிவேடு | 28 ஜூலை 2023, காலை 6.40

தினமும் அரை மணி என்று வழக்கமாகிவிட்டால் அதுவும் வேலைதான் தம்பி. பழக்கத்தின்பேரில் ஒரு வார்த்தை சொல்வது வேறு, நேரம் குறித்துப் பொறுப்பேற்பது வேறு. இரண்டாவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பல்லடத்தான் | 28 ஜூலை 2023, மதியம் 1.00

அந்தப் பதினேழு வரித் தாளைப் பற்றி நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எங்கள் யூனிட்டில் இலகுவான வேலை என்று நான் கொடுத்தவை எல்லாம் உண்மையில் இலகுவானவையா என்று ஒருமுறைகூட எழுதிப் பார்த்ததில்லை. இன்று காலை செக்கிங் மேசை, அயர்னிங், பேக்கிங் மூன்றுக்கும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மனம் பற்றி நான் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. நண்பர் வீட்டில் தனியே கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குக் கட்டிங் அறைதான் இடம் என்று சொல்லமாட்டேன்.

நொய்யல்கரை | 10 செப்டம்பர் 2023, இரவு 8.50

கேட்டவர்களுக்கு விவரம் சொல்லாமல் விடுவது முறையில்லை என்பதால் எழுதுகிறேன். ஆகஸ்ட் 23ஆம் தேதி இறுதிச் சான்று கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகிறேன். மார்க்கர் சரிபார்ப்பதும் லாட் கணக்கும் மட்டுமே என்று மருத்துவர் எழுதிய கடிதத்தைக் கட்டிங் அறைச் சுவரிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். சம்பளம் ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் வருகிறது. இடைப்பட்ட வாரங்களில் கடன் வாங்க வேண்டியிருந்தது. மனைவியின் வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. ஆனால் பதிவில் சம்பளம் குறைவாகக் காட்டப்படுவதைப் பற்றி இந்த முறை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பேசியிருக்கிறோம்.

பன்னிரண்டு வாரம் முடிந்திருக்கிறது. விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கிறது. உட்பக்கம் ஊசி குத்துவதுபோல் கூச்சம் வருகிறது, நரம்பு வளர்வதன் அறிகுறி என்கிறார்கள். எஃகுக் கையுறை புதிதாக நான்கு வாங்கியிருக்கிறார்கள். மிஷின் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

விரல் முழுதாக மடங்காவிட்டால், நிரந்தர ஊனம் எவ்வளவு என்று கணிக்கும் மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு என்று ஒருவர் சொன்னார். அது எனக்கும் பொருந்துமா ஐயா? அந்தத் தாளை அங்கேயும் கொண்டுபோகலாமா?

பழையபதிவேடு | 11 செப்டம்பர் 2023, காலை 6.30

ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் 14 விழுக்காடு என்பது ஆள்காட்டி விரல் முழுவதையும் இழந்தவருக்கு. இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. விரல் இருந்தும் மடங்காத நிலைக்கு அட்டவணையில் நேரான எண் இல்லை. வருமானம் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வாரியமே கையைப் பார்த்து முடிவு செய்யும். அதனால்தான் கட்டிங் மாஸ்டருக்கு அந்த விரலால் என்ன வேலை என்பதை அவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டும். தாளைக் கட்டாயம் கொண்டுபோங்கள், படிவம் 12இன் நகலோடும், முதல் நாளிலிருந்து உள்ள எல்லாச் சான்றுகளோடும். 18 ஜூலை பற்றி முத்திரை வாங்கிய நகலையும் மேலேயே வையுங்கள், கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கலாம்.